கறைக்கொல்லியும் ஓரமாய் நிற்பவனும்

"இது டீ இல்ல சார், காபி. நேத்து கொட்டினதும் இல்ல, மூணு நாளாச்சு. எதுக்கு என்கிட்ட பொய் சொல்றீங்க?"

வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கடைக்காரம்மா விசாரித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய செல்போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தாள். கையிலிருந்த சட்டை நழுவித் தரையில் விழுந்தது.

'உங்கள் பதில் நீக்கப்பட்டுள்ளது. காரணம்: மூலம் குறிப்பிடப்படவில்லை. எச்சரிக்கை எண்: ஒன்று.'

"மேடம், சட்டை..."

"இருங்க சார்! இங்க மானமே போகுது, சட்டையாம் சட்டை."

பத்தொன்பது வருஷமாக அவள் ட்ரை கிளீனிங் கடை நடத்துகிறாள். கறையைப் பார்த்தே அது விழுந்த நாள், விழுந்த விதம், விழவைத்த ஆள் மூன்றையும் சொல்லிவிடுவாள். இந்தத் திறமை தொழிலுக்கு நல்லது. குடும்பத்துக்கு அவ்வளவு நல்லதில்லை. ஒரு தடவை கணவரின் சட்டைக் காலரில் இருந்த சிவப்புப் புள்ளிக்காக அவரை அரைநாள் நிற்கவைத்துக் கேள்வி கேட்டாள். அது தக்காளிச் சாறு என்று கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். ஆனாலும், 'தக்காளி எதுக்குக் காலர் வரைக்கும் ஏறணும்?' என்ற சந்தேகம் அவளுக்கு இன்றுவரை தீரவில்லை.

'கேட்டால் சொல்வோம்' என்ற கேள்வி-பதில் தளத்தில் அவளுக்குப் பெயர் 'கறைக்கொல்லி'. இதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு பதில்கள். அதற்காகத் தளத்தார் 'மூத்த நிபுணர்' என்று ஒரு பட்டமும் கொடுத்திருந்தார்கள். எதிர்வரிசையில் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக ஒரு பெரிய ட்ரை கிளீனிங் நிறுவனம் கிளை திறந்த மறுவாரமே, அவள் பெயின்ட்டரைக் கூப்பிட்டுக் கடைப் பலகையில் 'இணையத்தில் மூத்த நிபுணர் பட்டம் பெற்றவர்' என்று சிவப்பில் எழுதவைத்துவிட்டாள். கடைக்கு வருகிற கூட்டத்தில் பாதி அந்தப் பலகைக்காகத்தான் வந்தது.

வம்பு போன வாரம் ஆரம்பித்தது. சட்டைப் பையில் பேனா மை கசிந்துவிட்டது, வெந்நீரில் தேய்த்தேன், பரவிவிட்டது, என்ன செய்ய என்று யாரோ கேட்டிருந்தார்கள். கறைக்கொல்லி எழுதினாள்:

'தேய்த்ததுதான் தப்பு. பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசை உள்ளது, தண்ணீருக்கு மசியாது. ஸ்பிரிட்டில்தான் கரையும். கரைந்த மை எங்கேயாவது போயாக வேண்டுமல்லவா? அதனால் அடியில் ஒரு பழைய துணியை வைத்து, சட்டையைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து ஒற்றுங்கள். நாலு நிமிஷம் போதும். அதற்கு மேல் ஊறினால் சட்டையின் சாயமே கிளம்பி வந்துவிடும். பத்தொன்பது வருஷமாக நாள் முழுக்கக் கால் கடுக்க நின்று செய்கிற வேலை இது. நம்பிச் செய்யலாம்.'

முந்நூற்று நாற்பது பேர் விரும்பினார்கள். அப்புறம் ஒருத்தன் வந்தான். பெயர் 'ஓரமாய் நிற்பவன்'.

'பத்தொன்பது வருஷம் என்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் மூலம் எதுவும் இல்லையா?'

அவ்வளவுதான். காய்ந்த துணியில் நெருப்புப் பட்ட மாதிரி பற்றிக்கொண்டது. 'சரியான கேள்வி!' என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. 'காரணத்தோடு சொல்லியிருக்கிறாரே, அது போதாதா? ரெண்டும் ரெண்டும் நாலு என்பதற்கு எந்தப் புத்தகத்தைக் காட்டுவது?' என்று ஒருவர் கேட்டார். 'காரணம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பூமி தட்டை என்பதற்கு என் மாமனார் ஏழு காரணம் சொல்வார்' என்றார் இன்னொருவர். மூன்று நாள் சண்டைக்குப் பிறகு தளத்தின் நடுவர் சட்டம் போட்டார்: திங்கள் முதல் மூலம் காட்டாத பதில் நீக்கப்படும். மூன்று எச்சரிக்கை வாங்கினால் பட்டம் பறிக்கப்படும்.

இன்று திங்கள்.

மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் அவள் போனை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். எதையும் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, நிதானமாகத்தான் படிப்பார்.

"சும்மா கேட்டிருக்கான். விடேன்."

"சும்மா கேட்டதா? ஓரமா நின்னு கல்லெறியறவன் சும்மாவா எறிவான்? இது யாரோ தெரிஞ்ச ஆள்தாங்க."

"எப்படிச் சொல்ற?"

"கேள்வி வந்த நேரம் ஒண்ணு பன்னெண்டு. சாப்பாட்டு நேரம். எங்கேயோ வேலை பார்க்கற ஆள்."

"உலகத்துல எல்லாருமே ஒரு மணிக்குத்தான் சாப்பிடறாங்க."

"நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க?"

அதற்கு மேல் கணவர் வாயைத் திறந்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

சந்தேகப்படாமல் அவள் பேசக்கூடிய ஒரே ஆள் பின்னறையில் இருந்த இஸ்திரிக்காரர்தான். நாற்பதைத் தாண்டிய மனிதர். ஏழு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறார். இஸ்திரிப் பெட்டி விடுகிற பெருமூச்சில் கால்வாசிகூட அவர் பேசினதில்லை.

"ஏம்ப்பா, இந்த மூலம் கேக்கறவனைப் பத்தி நீ என்ன நினைக்கற?"

இஸ்திரிக்காரர் முகம் சிவந்துவிட்டது. ஆவி பட்டிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"எனக்கு என்னக்கா தெரியும்? பாவம், ஏதோ தேவைக்குக் கேட்டிருப்பான்."

"நீ ரொம்ப நல்லவன்ப்பா. அதான் உனக்கு உலகம் தெரியல."

அவள் முதலில் நேர்வழியைத்தான் முயன்று பார்த்தாள். 'என் அனுபவமே மூலம்' என்று நடுவருக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது: 'பத்தொன்பது வருஷம் ஒருவர் தப்பாகவே செய்திருக்கவும் வாய்ப்புண்டு. புத்தகம் ஏதேனும் காட்டவும்.'

புத்தகம்தானே? கடைக்கு மேலே மாடி வீட்டில் நாத்தனார் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். தலையணை தடிமனில் அவளிடம் ஒரு புத்தகம் உண்டு. மறுநாள் நாத்தனார் பள்ளிக்குப் போன பிறகு கடைக்காரம்மா மாடியேறி அதை எடுத்து வந்தாள். 'ஸ்பிரிட்' என்ற சொல் எங்கே வருகிறது என்று கடைசியிலிருந்து தேடினாள். 814-ஆம் பக்கத்தில் கிடைத்தது. பதிலை மறுபடி போட்டு, அடியில் 'மூலம்: பக்கம் 814' என்று புத்தகத்தின் பெயரோடு எழுதினாள்.

ஒன்றேகால் மணிக்கு ஓரமாய் நிற்பவன் வந்தான்: 'நான் கேட்டதற்கு இது பதில் இல்லையே. மூலம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். என்னைப் போல நாலு பேருக்கு உபயோகமாக இருக்கும்.'

இரண்டு மணிக்கு நடுவர் வந்தார்: 'இந்தப் புத்தகம் எங்களிடமும் உள்ளது. 814-ஆம் பக்கத்தில் இருப்பது அருஞ்சொற்பொருள் பட்டியல். புத்தகம் வைத்திருப்பது வேறு, படித்திருப்பது வேறு. எச்சரிக்கை எண்: இரண்டு.'

சாயங்காலம் நாத்தனார் புத்தகத்தை முகர்ந்துகொண்டே கீழே இறங்கி வந்தாள்.

"அண்ணி, என் புத்தகத்துல ஏன் ஸ்பிரிட் வாடை அடிக்குது?"

கடைக்காரம்மாவுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. மூலம் மூலம் என்று அலைகிறவர்கள் யார்? டீச்சர்கள். 'பதிலை மறைக்காமல் சொல்' என்பது யார் பேச்சு? டீச்சர் பேச்சு.

"அதிருக்கட்டும். நீ தினமும் ஒரு மணிக்கு எங்க இருக்க?"

"ஸ்டாஃப் ரூம்ல."

"ஓரமாவா?"

"என்ன கேக்கறீங்க?"

"நேராவே கேக்கறேன். நீதானே ஓரமா நிக்கறவ?"

"நான் எதுக்கு ஓரமா நிக்கணும்? இது எங்க அண்ணன் வீடு. நடுவுலயே நிப்பேன்!"

பேச்சு அங்கிருந்து புத்தகத்துக்கும், புத்தகத்திலிருந்து பத்து வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன ஒரு கரண்டிக்கும் போனது. கடைசியில் நாத்தனார், "இனிமே என் துணியை உங்க கடையில போட்டேன்னா கேளுங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள். கணவர் இரண்டு பேருக்கும் நடுவில், தக்காளிக் குழம்பை மிக மிக ஜாக்கிரதையாகச் சாப்பிட்டார்.

மறுநாள் அவளுக்கே ஒரு நெருடல். நாத்தனாருக்கு ஸ்டாஃப் ரூமில் போன் பேசக்கூட அனுமதி கிடையாது. அப்படியானால்? அவள் பார்வை எதிர்வரிசைக்குப் போனது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கழுத்தில் டையோடு ஒரு மானேஜர். பார்த்தாலே நாலு பேருக்கு உபயோகமாக இருக்கிற முகம் இல்லை.

ஒரு மணி அடித்ததும் வாசலில் நின்றாள். ஒரு கையில் போன், ஒரு கண் எதிர்க்கடையில். ஒன்று பத்துக்கு டைக்காரர் போனை எடுத்தார். எதையோ தட்டினார். சிரித்தார். அதே நொடியில் அவள் போன் 'டிங்' என்றது. ஓரமாய் நிற்பவன்: 'வெட்கப்படாதீர்கள். இதில் என்ன இருக்கிறது?'

"அகப்பட்டான்!" என்று பின்னறைப் பக்கம் கத்திவிட்டு ஒரே ஓட்டமாகத் தெருவைத் தாண்டினாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "எடுங்க அந்தப் போனை!" என்றாள்.

டைக்காரர் பயந்து போய் நீட்டினார். திரையில் அவருடைய அம்மா, ஒரு பூனைக்குட்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"யாருப்பா அது? நல்லாத்தானே பேசிட்டிருந்தோம்?" என்றார் அம்மா.

"பூனை அழகா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரம்மா திரும்பி நடந்தாள். போகும்போது ஐந்து விநாடி எடுத்த தெரு, வரும்போது அரை பர்லாங்கு நீளமாக இருந்தது.

இனி மூன்றாவது எச்சரிக்கைதான் பாக்கி. அன்று மத்தியானம் முழுக்க யோசித்தாள். மூலம் இல்லையென்றால் என்ன, உண்டாக்கிக்கொள்ள முடியாதா? இலவசமாக ஒரு வலைப்பக்கம் தொடங்கி 'கறையியல் ஆய்வு மையம்' என்று பெயர் வைத்தாள். ஆய்வாளர்: 'மூத்த பேராசிரியர்'. தன்னுடைய பதிலையே எடுத்து, 'ஒற்றுங்கள்' என்பதை 'ஒற்றியெடுத்தல் பரிந்துரைக்கப்படுகிறது' என்றும், 'பழைய துணி' என்பதை 'உறிஞ்சு தளம்' என்றும் மாற்றி எழுதினாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே மரியாதை வந்தது. தளத்தில் பதிலைப் போட்டு, 'மூலம்: மூத்த பேராசிரியர், கறையியல் ஆய்வு மையம்' என்று சேர்த்தாள்.

நடுவர் பச்சை டிக் போட்டார். 'முன்மாதிரியான பதில்' என்று பாராட்டு வேறு. இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலையில் எதிர்க்கடைக் கண்ணாடிக் கதவில் பெரிய எழுத்தில் ஒரு சுவரொட்டி. 'மூத்த பேராசிரியரின் முறைப்படி இங்கு மைக்கறை நீக்கப்படும்.' கீழே அவளுடைய கட்டுரை, வரிக்கு வரி.

பத்து மணிக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். "பேன்ட்ல மை பட்டுடுச்சு மேடம்."

"நாலு நிமிஷ வேலை சார். உக்காருங்க."

"நாலா? நாற்பது நிமிஷம் ஊறணுமாமே?"

"எவன் சொன்னான்?"

"பேராசிரியர் சொல்லியிருக்கார். எதிர்ல ஒட்டியிருக்கே. உங்ககிட்ட வேற ஏதாவது மூலம் இருக்கா?"

அவள் அவசரமாக வலைப்பக்கத்தைத் திறந்து பார்த்தாள். 4 என்று அடித்த விரல் பக்கத்தில் ஒரு பூஜ்யத்தையும் தட்டிவிட்டிருந்தது. பேராசிரியர் 40 நிமிடம் பரிந்துரைத்திருந்தார்.

"அது தப்பு சார்!"

"பேராசிரியரே தப்புங்கறீங்களா?"

"அந்தப் பேராசிரியரை எனக்கு நல்லாத் தெரியும் சார். அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"பலகையில மட்டும் நிபுணர்னு போட்டுக்கறீங்க. பெரியவங்கள மதிக்கத் தெரியலையே" என்று அவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினார். அன்றைக்கு அவரோடு நாலு பேர் தாண்டினார்கள். அவள் தன்னோடே போட்டி போட்டு, தன்னிடமே தோற்றுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் பட்டம் போகும். சொல்லாவிட்டால் ஊர்த் துணியெல்லாம் போகும். வலைப்பக்கத்தில் மட்டும் பூஜ்யத்தை அழித்தாள். கண்ணாடிக் கதவில் இருந்த பூஜ்யத்தை எப்படி அழிப்பது?

பதில் யோசிப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. நாத்தனார் ஒரு கோட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. திங்கட்கிழமை தலைமையாசிரியர் பதவிக்கான நேர்காணலுக்குப் போட்டுக்கொள்வதற்காக ஆசையாகத் தைத்த கருநீலக் கோட்டு. பையில் மை பட்டிருந்தது. அண்ணிமேல் உள்ள கோபத்தில் அதை எதிர்க்கடையில் கொடுத்திருந்தாள். அவர்களும் பேராசிரியர் சொன்னபடி சுத்தமாக நாற்பது நிமிஷம் ஊறவைத்திருந்தார்கள். மை போயிருந்தது. கருநீலமும் போயிருந்தது. பைப் பக்கம் முழுக்க வெளிறி, கோட்டு ஒரு பழைய சுவர் மாதிரி இருந்தது.

பின்னாலேயே டைக்காரர் கைகளைப் பிசைந்துகொண்டு வந்தார். "மேடம், நாங்க மூலத்துல இருந்தபடிதான் செஞ்சோம். பேராசிரியர்மேல வழக்குப் போடலாம்னு தலைமை ஆபீஸ்ல சொல்றாங்க. அவரோட விலாசம்தான் கிடைக்க மாட்டேங்குது."

கடைக்காரம்மா கோட்டைக் கையில் வாங்கினாள். வழக்கம்போல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அந்தக் கறையில் நாள், விதம், ஆள் மூன்றும் தெரிந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக, ஆளைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கோட்டை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"விலாசம் இதுதான் தம்பி" என்றாள். "நான்தான் பேராசிரியர்."

வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்த கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

நாத்தனார் கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாலு நிமிஷம்தான் சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?" என்று கேட்டாள்.

"செஞ்சு பார்த்துத் தெரியும். வேற எப்படித் தெரியும்?"

"அப்ப இப்பவும் செஞ்சு காட்டுங்க. கோட்டு எப்படியும் போச்சு."

இரண்டு பேரும் உட்கார்ந்து கோட்டின் நல்ல பக்கத்தைக் கத்தரித்து நாலு துண்டாக்கினார்கள். நாலிலும் பேனாவால் கோடு போட்டார்கள். நாலு நிமிஷம், பத்து, இருபது, நாற்பது. டைக்காரர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். கணவர் படமெடுத்தார். நாலு நிமிஷத் துண்டில் மை போய் நீலம் நின்றது. நாற்பதில் இரண்டுமே இல்லை.

"இதுக்குப் பேர்தான் சோதனை. இதைத்தான் நான் வகுப்புல தொண்டை கிழியக் கத்தறேன்" என்றாள் நாத்தனார். குரலில் இருந்த ஈரம் காய்ந்திருந்தது.

படங்களோடு கடைக்காரம்மா எல்லாவற்றையும் எழுதினாள். பேராசிரியர் என்று யாரும் இல்லை, நான்தான். 40 என்பது பிழை. என் பேச்சை நம்ப வேண்டாம், பேராசிரியர் பேச்சையும் நம்ப வேண்டாம். துணியின் உள்மடிப்பில் ஒரு ஓரத்தில் நீங்களே செய்து பாருங்கள்.

பொய்யான மூலம் காட்டியதற்காக நடுவர் அவள் பட்டத்தைப் பறித்தார். அதே கையோடு, செய்து பார்த்துப் படத்தோடு காட்டினால் இனி அதுவும் மூலமாக ஏற்கப்படும் என்று சட்டத்தைத் திருத்தினார். டைக்காரர் சுவரொட்டியைக் கிழித்துவிட்டு, கோட்டுக்கு இரண்டு கடையும் ஆளுக்குப் பாதி தருவது என்று பேசி முடித்தார். நாத்தனார், "திங்கட்கிழமைக்கு உங்க சாம்பல் நிறக் கோட்டைத் தாங்க அண்ணி" என்றாள். எல்லாம் ஒரு மாதிரி சுமுகமாகிவிட்டது. கடைக்காரம்மாவுக்குப் பலகையை நினைத்தால் வயிறு எரிந்தது. ஆனால் மனசு, நல்ல வெயிலில் காய்ந்த துணி மாதிரி இருந்தது.

'டிங்.'

மணி ஒன்று பதினாலு. ஓரமாய் நிற்பவன்.

'எல்லாவற்றையும் சொன்னீர்கள். மூலத்தைப் பற்றி மட்டும் கடைசிவரைக்கும் வாயே திறக்கவில்லையே.'

கடைக்காரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பட்டம் போச்சு, பலகை போச்சு, கோட்டு போச்சு, இன்னும் இவனுக்கு மூலம் வேணுமாம்! யாருடா நீ? டீச்சரும் இல்ல, டைக்காரரும் இல்ல. தைரியம் இருந்தா முன்னால வந்து நில்லுடா!"

பின்னறைத் திரை விலகியது. இஸ்திரிக்காரர் போனைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்து நின்றார்.

"நீயா?" என்றாள் அவள். "ஏழு வருஷம் ஒரே கூரையில இருந்துட்டு... நீயாப்பா? உனக்கு என்ன மூலம்ப்பா வேணும்? புத்தகம் காட்டினேன், பேராசிரியரைக் காட்டினேன், துணியையே வெட்டிக் காட்டியாச்சு. நேர்ல கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?"

இஸ்திரிக்காரர் நாத்தனாரை ஒரு தடவை பார்த்தார். டைக்காரரை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, கடைக்காரம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"உங்களை மாதிரியே நானும் நாள் முழுக்க நின்னே வேலை பார்க்கறேன்... நான் கேட்டது அந்த மூலம் இல்லக்கா."